கேசவராமின் சொந்த இங்கிலீஷ்

செய்தி தொலைபேசியில் வந்தது. எங்கள் பழைய முதலாளி மதுரையிலிருந்து என் மெட்ராஸ் அலுவலகத்துக்கு டிரங்க் கால் போட்டிருந்தார். "பஞ்சவர்ணமா? நம்ம கேசவராம் எக்ஸ்பயர் ஆயிட்டாரும்மா. நெஞ்சுவலி. காலையில கோச்சடை வீட்டுல இருந்து எடுத்துட்டோம்" என்றார். அந்த ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்தை நன்றாக உருட்டினார். அதை லண்டன்காரர் விழுங்குவார், அமெரிக்கர் நாக்கை மடிப்பார், நாம் உருட்டுவோம் என்று கேசவராம் சொல்லிக்காட்டுவாரே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அவர் இல்லை என்பதே செய்தி என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

மதுரைப் பழங்காநத்தத்தில் ஒரு மாடியில் இருந்த அந்த இன்ஸ்டிடியூட்டில் நான் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தேன். அவர் சுருக்கெழுத்து வகுப்புக்கு டிக்டேஷன் வாசித்தார். நான் உசிலம்பட்டிப் பக்கத்து எழுமலைக்காரி, மதுரையில் சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். அவர் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் ஒரு மொழி, வாசலைத் தாண்டினால் தமிழ், மாடி ஏறினால் ஆங்கிலம். "செருப்பு மாத்துற மாதிரிதாம்மா" என்பார்.

வேலை பார்த்துக்கொண்டே நானும் சுருக்கெழுத்தில் உயர்நிலைத் தேர்வு எழுதினேன். அதில் தேறினால் அரசு வேலை. தேறாவிட்டால் எழுமலை. அங்கே என் அத்தை மகன் காத்திருந்தான். அவன் நல்லவன்தான். என்னை மணப்பதைத் தவிர வேறு எந்தத் திட்டமும் அவனுக்கு இருந்ததில்லை. முதல் இரண்டு தடவை நான் தோற்றபோது எங்கள் அய்யா பொறுத்துக்கொண்டார். மூன்றாவது தடவைக்கு முன் பஸ் ஏறி வந்து சொன்னார்: "இந்தத் தடவையும் போச்சுன்னா பேசாம ஊருக்கு வந்துரு தாயி. எம்புட்டு நாளைக்கு அவனுக்குச் சாக்குச் சொல்ல?"

சுருக்கெழுத்தில் காதில் விழும் ஒலியைத்தான் கோடாக இழுக்க வேண்டும். முதல் தேர்வில் வாசித்தவர் 'ஷெட்யூல்' என்றார். எனக்குத் தெரிந்தது 'ஸ்கெட்யூல்'. இது என்ன புதுச் சொல் என்று நான் நினைத்து நின்ற நேரத்தில் அவர் வாசித்த ஐந்தாண்டுத் திட்டம் ஒரு பத்தி தூரம் போய்விட்டது. இரண்டாம் தேர்வில் வாசித்தவர் கேரளத்துக்காரர். 'ஆபீஸ்' என்பதை 'ஓஃபீஸ்' என்று, நான் எதிர்பாராத இடத்திலெல்லாம் வட்டமாகச் சொன்னார். அவர் மேல் தவறில்லை. அவர் ஊரில் ஆபீஸ் அப்படித்தான் திறந்து மூடுகிறது.

இதைக் கேட்ட கேசவராம் ஒரு முடிவுக்கு வந்தார். யார் வாசிக்க வருவார் என்று தெரியாதபோது எல்லாராகவும் வாசித்துவிடுவதே வழி. மறுநாளிலிருந்து ஒரே பத்தியைத் திங்கள்கிழமை லண்டன்காரராக, செவ்வாய்க்கிழமை அமெரிக்கராக, புதன்கிழமை கோட்டயத்துக்காரராக வாசித்தார். ஒரு வியாழக்கிழமை கிரிக்கெட் வர்ணனை செய்யும் ஆஸ்திரேலியரும் வந்து நில உச்சவரம்புச் சட்டத்தை வாசித்துவிட்டுப் போனார்.

முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "ஏம்ப்பா, ஒரு ஆளுக்குச் சம்பளம் குடுக்கேன். ஒம்போது ஆளு சத்தம் கேக்குது. சுத்தமான இங்கிலீஷ்ல வாசிக்கக் கூடாதா?"

"எது மொதலாளி சுத்தம்? காட்டுங்க, அதையும் வாசிச்சுர்றேன்."

இத்தனை குரல்களை அவர் எங்கே பிடித்தார் என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் சித்தியும் கண்டுகொண்டோம். மேலக்கோபுர வாசலில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியின் முன் கையில் ஒரு தக்காளியோடு அவர் நின்றுகொண்டிருந்தார். இதன் பெயர் என்ன என்று மிகப் பணிவாகக் கேட்டார். கணவர் 'டொமாட்டோ' என்றார். மனைவி 'டொமேட்டோ' என்றார். பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட பார்வையில் பழைய சண்டை ஒன்று தெரிந்தது. கோயிலைச் சுற்றிக்காட்டும் கைடு ஓடிவந்தார்.

"அண்ணே, நாங்க கோபுரத்தக் காட்டிப் பொழைக்கிறோம். நீங்க தக்காளியக் காட்டிக் கெடுக்காதீங்க."

"நீ காட்டு மாப்ள. நான் கேட்டுட்டுப் போறேன்" என்ற கேசவராம் எங்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாத்தியாம்மா? அவுக வீட்டுக்குள்ளயே முடிவாகல. நம்மள ஃபெயிலாக்குறாக."

அவர் தினமும் சொல்வது ஒன்று உண்டு. அவரிடம் படித்த எல்லாருக்கும் நினைவிருக்கும். "போன வார்த்தைய விடு. வார வார்த்தையப் புடி." லண்டன்காரராக வாசித்துக்கொண்டிருக்கும்போதும் இதை மட்டும் மதுரைக்காரராகத்தான் சொல்வார். தேர்வு நெருங்கிய ஒரு மாலை நான் கேட்டேன்: "எல்லார் மாதிரியும் வாசிக்கிறீங்கண்ணே. உங்க சொந்த இங்கிலீஷ்ல ஒரு தடவ வாசிங்களேன்." அவருக்குக் கூச்சம் வந்துவிட்டது. "அது எதுக்கும்மா? அது பரீட்சைக்கு வராது" என்றார்.

அதுதான் வந்தது. தேர்வு அறையில் நான் லண்டனுக்கும் தயாராக இருந்தேன், நியூயார்க்குக்கும் தயாராக இருந்தேன். வாசிக்க வந்தவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, 'தி ஸ்டேட்டு கவர்மெண்ட்டு' என்று ஆரம்பித்தார். உசிலம்பட்டி. என் பெரியப்பா ஆங்கிலம் பேசினால் அப்படித்தான் பேசுவார். பிறந்ததிலிருந்து காதில் விழுந்த அந்தப் பேச்சுக்கு மட்டும் எனக்குப் பயிற்சி இல்லை. என் பென்சில் நின்றுவிட்டது. ஒரு வாக்கியம் முழுதாகப் போய்விட்டது. எழுமலை பஸ் கண்ணுக்குத் தெரிந்தது. போன வார்த்தைய விடு என்று அந்தக் குரல் எனக்குள் கேட்டது. விட்டேன். அடுத்ததைப் பிடித்தேன். பிறகு கடைசிவரை விடவில்லை.

நடந்ததைச் சொன்னபோது கேசவராம் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "உலகம் பூராம் சேத்தேன், நம்மளச் சேக்காம விட்டுட்டேனே!" அப்படியானால் இப்போதாவது வாசியுங்கள் என்றேன். "அது இன்னும் எனக்கே சரியா வரலம்மா. வரட்டும், வாசிக்கேன்" என்றார். மெட்ராஸிலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்து கேட்டேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் ஆஸ்திரேலியரைத்தான் அனுப்பினார்.

இன்று எந்த ஊர் அதிகாரி எந்த ஆங்கிலத்தில் சொன்னாலும் என் பென்சில் நிற்பதில்லை. அது அவர் போட்ட பிச்சை என்று எழுதினால் அவர் கோபிப்பார். அதனால் அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது வேறு ஒன்று என்று சொல்லிக்கொள்கிறேன்.

தேர்வு முடிவு வந்த அன்று சித்தி வீட்டுத் தெருவில் ஒரு சைக்கிள் வந்தது. நிறுத்துவதற்குள் அது சாய்ந்து விழுந்தது. அதைத் தூக்கக்கூடத் தோன்றாமல், தெருவில் நின்றபடியே கேசவராம் என் ஜன்னலைப் பார்த்துக் கத்தினார். அந்தச் சொல்லை லண்டன்காரர் நீட்டுவார், அமெரிக்கர் நசுக்குவார். இரண்டையும் எனக்கு அவர்தான் பழக்கியிருந்தார். அன்று இரண்டும் அவருக்கு நினைவில்லை.

"பஞ்சு! பாஸு! பாஸு!"

அவருடைய சொந்த இங்கிலீஷில் நான் கேட்டது அந்த ஒரு சொல்தான். போன வார்த்தையை விடச் சொன்னவர் அவர். இதை மட்டும் நான் விடுவதாக இல்லை.