உள்ளுக்கு ஒன்று, மேலுக்கு ஒன்று

காலை ஆறரை மணி. கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் பதினைந்து ரூபாய்க்கு ஒரு டீ குடித்துவிட்டு வெள்ளிமலைப் பேருந்தில் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்ததே பெரும் பாக்கியம். எனக்குப் பின்னால் ஏறியவர்கள் கோழிக்கூடையை என் மடியில் வைக்காத குறையாக நெருக்கி நின்றார்கள்.

"இன்னாக்கா, ஃபால்ஸ் பாக்கவா?" என்றார் நடத்துனர்.

"இந்த வெயில்ல ஃபால்ஸ்ல இன்னா இருக்கும்? பாறதான் இருக்கும். ஒரு பாப்பாவப் பாக்கப் போறேன்."

எனக்குச் சொந்த ஊர் சங்கராபுரம். புதுச்சேரியில், குழந்தைகளுக்கான புற்றுநோய் வார்டில் நர்ஸ். நான் பார்க்கப்போன மலருக்கு ஏழு வயது, ரத்தப் புற்றுநோய். கடுமையான கட்டம் தாண்டிவிட்டது. வீட்டில் தினமும் மாத்திரை, மாதம் ஒருமுறை வார்டில் ஊசி என்று இன்னும் ஓராண்டு போக வேண்டும். இந்த மாதம் ஊசிக்கு அவர்கள் வரவில்லை. போன் செய்தால் அவளுடைய அப்பா முருகேசன், "நாட்டு மருந்து ஆரம்பிக்கப் போறோம் சிஸ்டர், மாத்திரய நிறுத்திடறோம்" என்று சொல்லி வைத்துவிட்டார். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும். திரும்பினால் பிடிப்பது கடினம். நான் விடுப்பில் ஊருக்கு வந்திருந்தேன். டாக்டரிடம் போனில் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டிப் போனால் மலைப்பாதை. வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்துகொண்டே வந்தது. பக்கத்தில் இருந்த அம்மாளின் காலடியில் ஒரு மூட்டைக் கடுக்காய். கீழே விற்காததை மேலே எடுத்துப் போகிறாராம். கல்வராயன் கடுக்காய் என்றால் எங்கள் சந்தையில் தனி மதிப்பு. எங்கள் வீட்டிலும் வயிற்றுக்கு அதுதான். நான் நாட்டு மருந்துக்கு எதிரி இல்லை. ஆனால் இன்னதென்று தெரியாத கஷாயம் இந்த மாத்திரையோடு சேர்ந்தால் பிள்ளையின் ஈரல் தாங்காது. மாத்திரையை நிறுத்தினால் பிள்ளையே தாங்க மாட்டாள்.

ஒன்பதே கால் மணிக்கு வெள்ளிமலை. அங்கிருந்து ஷேர் ஆட்டோவுக்கு நாற்பது ரூபாய். மரவள்ளிக் கொல்லைகளுக்கு நடுவே மலரின் வீடு. வாசலில் அடுப்பு மூட்டி மண்சட்டியில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. சட்டியின் அருகே முருகேசனின் பெரியப்பா சடையன் உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கத்துக்கே அவர்தான் வைத்தியர். சட்டியில் இருந்தது மலருக்கு. நல்லவேளை, அன்றுதான் முதல் வேளை; இன்னும் கொடுக்கவில்லை.

"ஊசி போட்டுக்கினு வந்தா ரெண்டு நாளு சோறு எறங்கல சிஸ்டர். அதப் பாத்துக்கினு எப்பிடி இருக்கிறது?" என்றார் முருகேசன். அவர் கண் கலங்கியிருந்தது.

சடையன் கோபமில்லாமல் சொன்னார்: "ஒரு வயித்துல ரெண்டு மருந்து நிக்காதும்மா. ஒண்ண ஒண்ணு அடிச்சிக்கும். அதாலதான் மாத்திரய நிறுத்தச் சொன்னேன்."

நான் பேசினேன், பேசினேன், பேசிக்கொண்டே இருந்தேன். வார்டில் அம்மாக்களை மிரட்டிப் பழகிய குரல் தானாகவே உயர்ந்தது. அங்கே ஒருவரும் அசையவில்லை. செவிடன் காதில் ஊதிய சங்குதான். மலர் புதிதாக முளைத்த முடியைத் தடவிக்கொண்டு சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது அவள் அம்மா செல்வி உள்ளேயிருந்து வந்தாள். வார்டில் நான் கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டுகிறவள்.

"மாமா, தொடங்குன மருந்த பாதியில வுட்டா நோவு ரெண்டு பங்கா திரும்பும்னு சொன்னது யாரு?"

"நாந்தான்."

"உள்ளுக்கு ஒரு மருந்துதான் போகணும்னு சொன்னது?"

"அதுவும் நாந்தான்."

"அப்ப மொதல்ல உள்ள போனது மாத்திரதான? அது முடியட்டும். உங்க மருந்த மேலுக்கு வைங்க. கால் வலின்னு அழுவறா. ஒத்தடம் குடுங்க."

 சடையன் வாய்விட்டுச் சிரித்தார். "என் பேச்சாலயே என்னக் கட்டிப்புட்டா பாரும்மா!" சட்டியை இறக்கிக் கஷாயத்தை வேலியோரம் கொட்டிவிட்டு என்னிடம் திரும்பினார். "சரி, அந்த மாத்திரைக்கு இன்னா பத்தியம்?"

கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர், அப்போதே வடித்த சோறு, காய்ச்சல் கண்டால் நாழியாக்காமல் கீழே இறங்குவது என்று சொன்னேன். அவர் அதை முருகேசனுக்கு இரண்டு முறை சொல்லி, "பத்தியம் தப்பக் கூடாது" என்று விரலை ஆட்டினார். நான் சொன்னால் அறிவுரை. அவர் சொன்னால் சட்டம். பொறாமையாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

மத்தியானப் பேருந்திலேயே செல்வியும் மலரும் என்னோடு மலை இறங்கிப் புதுச்சேரிக்குக் கிளம்பினார்கள். மலர் என் தோளில் தூங்கினாள். அவள் காலில் சடையன் கொடுத்தனுப்பிய ஒத்தடத்தின் பச்சிலை வாசனை.

மறுநாள் வார்டில் ஊசி போடும் முன் டாக்டர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "நாட்டு மருந்து ஏதாச்சும் குடுக்கிறீங்களா?" எல்லாத் தாய்மாருக்கும் இதற்கு ஒரே பதில்தான்: "இல்ல சார்." திட்டுவார்களோ, வெளியே அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் பொய் அது.

"குடுக்கிறோம் சார்" என்றாள் செல்வி. வார்டுக்கே கேட்டது. "காலுக்கு நொச்சி எல ஒத்தடம். உள்ளுக்கு ஒண்ணும் இல்ல."

"நல்லதும்மா. சூடு கம்மியா இருக்கட்டும். புண்ணு இருந்தா வேணாம்" என்றார் டாக்டர், அவ்வளவுதான்.

இவள் என் ஜில்லாக்காரி என்று யாரிடமாவது சொல்லிவிட வேண்டும்போல எனக்கு வாய் துறுதுறுத்தது. அதற்குள் அடுத்த கட்டிலில் உளுந்தூர்பேட்டை அம்மா ஒருத்தி, மெல்லக் குனிந்து கட்டிலுக்கு அடியில் இருந்த ஒயர் கூடையை இழுத்தாள். துணி சுற்றிய ஒரு பாட்டிலை எடுத்து டாக்டரிடம் நீட்டினாள்.

"சார், நான் உள்ளுக்கே குடுத்துக்கினு இருக்கேன்."