துண்டுக்குள் இரண்டு விரல்

வேட்டியின் ஒரு முனை அப்பா கையில், மறுமுனை என் கையில். அவர் ஒரு பக்கம் முறுக்குவார், நான் எதிர்ப்பக்கம். நீர் சொட்டி ஓய்ந்த பிறகுதான் கொடியில் போடுவோம். துவைப்பதை மட்டும் அவரே செய்துவிடுவார். சோப்புப் போட்டு, அலசி, முகர்ந்து பார்த்து, திருப்தியானால்தான் என்னிடம் முனையை நீட்டுவார். ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட காலையிலும் அப்படித்தான் முகர்ந்தார். நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வீட்டு வேலை அது.

அப்பா சிங்கராயர் குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாட்டுத் தரகர். அவருக்கு மூத்திரப்பையில் புற்று வந்தது. பையை எடுத்துவிட்டார்கள். சிறுகுடலில் ஒரு துண்டை வெட்டி, சிறுநீர்க் குழாய்களை அதில் இணைத்து, வயிற்றின் வலப்பக்கம் அதற்கு ஒரு வாய் வைத்தார்கள். அதன்மேல் பசை தடவி ரப்பர் பை ஒட்ட வேண்டும். உயிர் பிழைத்தார். ஆனால் நாளடைவில் அந்த வாய்க்குப் பக்கத்திலேயே தசை விலகிக் குடல் பிதுங்கியது. தேங்காய்மூடியைக் கவிழ்த்ததுபோல ஒரு புடைப்பு. மேட்டின்மேல் பை ஒட்டவில்லை. ஓயாமல் கசிந்தது.

மாட்டுச் சந்தை ஒன்றில்தான் அவர் நிமிர்ந்து நடந்தார். "அங்க எல்லாமே மூத்திர நாத்தம். எது மாட்டுது, எது மனுசனுதுன்னு எவன் கேக்கறான்?" என்று என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னார். மற்ற இடங்களில் ஒதுங்கினார். ஞாயிறு பூசையின்போது மாதா கோயிலுக்கு வெளியே புளியமரத்தடியில் நின்றார். கல்யாணங்களுக்குக் கடைசிப் பந்தியும் எழுந்த பிறகு போனார்.

சந்தையிலும் ஒரு சங்கடம் இருந்தது. அங்கே விலையை வாயால் சொல்வதில்லை. இருவர் கையும் ஒரு துண்டுக்கடியில் மறையும். எத்தனை விரலைப் பிடிக்கிறார்களோ அதுதான் விலை. விலை படிந்தால் கையை விட்டுவிடுவார்கள். அதற்கு நெருங்கி நிற்க வேண்டும். அப்பா கையை முழு நீளத்துக்கு நீட்டி, இடுப்பைப் பின்னால் வளைத்து நிற்பார். கூட்டாளித் தரகர் கிருஷ்ணப்பன் விடமாட்டார்: "இன்னா சிங்கராயரே, கையப் புடிச்சா தாலி கட்டச் சொல்லிடுவாங்கன்னு பயமா? கிட்ட வாங்க." அப்பா சிரித்துக்கொண்டே இன்னும் ஓரடி தள்ளுவார். பெரிய தரகர் என்றால் இதுதான் தோரணை என்று எண்ணி, புதிதாக வந்தவர்கள் சிலர் அதேபோல வளைந்து நிற்கப் பழகினார்கள்.

நான் கிருஷ்ணகிரியில் ஓர் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். பிறருடைய சிறுநீரைக் குழாயில் ஊற்றிக் காய்ச்சி, உப்பும் சர்க்கரையும் பார்ப்பது என் அன்றாட வேலை. "எம் பொண்ணு கண்ணாடியில மருந்து காய்ச்சுது" என்று அப்பா ஊரில் சொல்லி வைத்திருந்தார். தன் புடைப்பை எனக்குக் காட்டியதே இல்லை. கேட்டால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார்.

அஞ்செட்டியில் அவருடைய தங்கை, என் ஜோதியம்மாள் அத்தை, இருக்கிறார். மேயப் போன மாடு காட்டுக்குள் தொலைந்துபோகிறது என்று அத்தை சொல்லியனுப்பியதால் அப்பா ஒரு வெண்கல மணி வாங்கினார். அதை எடுத்துக்கொண்டு கிளம்பியவர் ராயக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, நடந்தே திரும்பி வந்தார். பக்கத்தில் இருந்த பெண் முந்தானையால் தன் குழந்தையின் மூக்கைப் பொத்தினாளாம். அதன்பின் அவர் பஸ் ஏறவில்லை. யாரிடமாவது கொடுத்தனுப்பலாம் என்றேன். "மணிய நாந்தான் கட்டணும் பாப்பா. தங்கச்சி மூஞ்சிய பாக்க வேணாமா?" என்றார். புடைப்பைச் சரிசெய்ய மறுபடி வயிற்றைக் கிழிக்க அவர் சம்மதித்தது அந்த ஒரு பஸ் பயணத்துக்காகத்தான்.

ஆஸ்பத்திரிக்கு நான் பஸ்ஸில் போனேன். அப்பா மாடு ஏற்றிய லாரியில், மாடுகளோடு நின்று வந்தார்.

பெரிய டாக்டரைச் சுற்றி மாணவர்கள் நின்றார்கள். ராத்திரியில் எத்தனை தடவை நனைகிறது என்று டாக்டர் கேட்டார். அப்பா தரையைப் பார்த்தார். மறுபடி கேட்டார். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து என் கைமேல் போட்டார். உள்ளே என் விரல்களில் நான்கைச் சேர்த்துப் பிடித்தார்.

"நாலு தடவை" என்றேன் நான்.

ஒரு மாணவர் சிரிப்பை அடக்கினார். டாக்டர் துண்டைப் பார்த்தார்; அடுத்த கேள்வியை என்னிடம் கேட்டார். எத்தனை வருடமாகப் புடைப்பு, எத்தனை நாளைக்கு ஒரு பை, எல்லாப் பதிலும் துண்டுக்கடியில்தான் வந்தது.

பிதுங்கிய குடலை உள்ளே தள்ளி, தசையைச் சேர்த்துத் தைத்தார்கள். பழைய வாயை மூடி, இடப்பக்கம் மேடுபள்ளமில்லாத இடத்தில் புதிதாக வைத்தார்கள். பை ஒட்டியது. தையல் ஆறியது. வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன பிறகு, காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்தது. அப்பா இறந்துவிட்டார். மணி இன்னும் எங்கள் பெட்டியில் இருக்கிறது.

அவர் இறப்பதற்கு முந்தைய மாலை, கட்டில் விளிம்பைத் தட்டி என்னை உட்காரச் சொன்னார். அவ்வளவு பக்கத்தில் அவர் என்னை உட்காரவிட்டு வருடங்கள் ஆகியிருந்தன. விரிப்பைத் தடவி, கையை முகர்ந்து பார்த்தார். காய்ந்திருந்தது.

"அஞ்செட்டி பஸ்சு இப்பவும் ஓடுதில்ல?"

ஓடுகிறது என்றேன். பக்கத்துக் கட்டில்காரர் பார்க்கிறாரா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, துண்டை என் கைமேல் போட்டார். இரண்டு விரலைப் பிடித்தார்.

"ரெண்டு டிக்கெட்டாப்பா?"

"ஆமா பாப்பா. ஒரே சீட்டுல."

சரி என்றேன். விலை படிந்த பிறகும் அப்பா கையை விடவில்லை.