பதினேழாவது மூடி

அந்தக் கோயிலுக்கு வருகிற எல்லோரும் சாமியைப் பார்ப்பார்கள். மூடி அண்ணன் மட்டும் கூரையைப் பார்ப்பார். இன்றைக்கு அம்மனுக்கு என்ன நிறப் பட்டு என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார். மண்டபக் கூரையில் எந்தப் பலகை ஈரம் பட்டு உப்பியிருக்கிறது என்று கேளுங்கள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

பிழைப்புக்கு அவர் எலக்ட்ரீஷியன். பெரிய கடைகளின் உத்தரத்தில் விளக்கு மாட்டுவது, கெட்டுப்போன கம்பியைக் கண்டுபிடிப்பது, வேனின் தலையில் ஏணியைக் கட்டிக்கொண்டு அடுத்த கடைக்குப் போவது. இருபத்தாறு வருடமாக இதுதான். பக்தி என்று பெரிதாக எதுவும் கிடையாது. கோயிலுக்கு அவர் வந்ததே மனைவியை இறக்கிவிடத்தான்.

கோயில் முன்பு கம்பளக் கிடங்காக இருந்த கட்டடம். ஒரு பக்கம் டயர் கடை, மறுபக்கம் குளிர்பதனப் பெட்டி பழுது பார்க்கும் இடம். அங்கே முதன்முதலாக ஹோமம் வளர்த்த அன்று, புகை மேலே போய்ப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, கட்டடம் முழுவதும் அபாய மணி அலறியது. பட்டுச் சேலையும் வேட்டியுமாக அறுபது பேர் செருப்பில்லாமல் தெருவில் நின்றார்கள். இரண்டு தீயணைப்பு வண்டிகள் வந்தன. தலைக்கவசம் போட்ட ஒருவர் உள்ளே ஓடி, ஹோம குண்டத்தில் வெள்ளை நுரையை அடித்தார். குருக்கள் நெய்க் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். இரண்டாவது ஹோமத்திலும் இதே கதை. அதன்பிறகு ஒரு கடிதம் வந்தது: இன்னொரு முறை இப்படி நடந்தால் கட்டடத்துக்குள் நெருப்பு மூட்டும் அனுமதி ரத்து.

நிர்வாகக் குழு கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, பூ அலங்காரம் செய்யும் பெண்மணி எழுந்து தன் கணவரை முன்னால் தள்ளினாள். "இவருக்கு இதெல்லாம் அத்துப்படி. சும்மா வெளிய வேன்ல உக்காந்து தூங்குற மனுஷன்தானே, வேலையைக் குடுங்க."

அவர் கொடுத்த வழி எளிமையானது. கூரையில் புகையை மோப்பம் பிடிக்கும் கருவிகள் பதினேழு இருந்தன. ஹோமத்துக்கு முன்னால் கண்காணிப்பு நிறுவனத்துக்குப் போன் செய்து மணியை நிறுத்தி வைக்கச் சொல்ல வேண்டும். அதற்கு நாலு மணி நேரம் கெடு. பிறகு ஒவ்வொரு கருவிக்கும் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் மூடி. ஹோமம் முடிந்ததும் பதினேழையும் கழற்றிப் பையில் போட்டு எண்ணி, மறுபடி போன் செய்து, "பதினேழும் திறந்தாச்சு" என்று சொல்லிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அப்படிச் சொல்ல முடியாவிட்டால் கட்டடத்தில் ஆள் இருக்கக் கூடாது. ஏழு வருடமாக இதில் ஒரு நாளும் பிசகு வந்ததில்லை. அப்படித்தான் அவருக்கு மூடி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் இப்போது கோயிலில் யாருக்கும் நினைவில்லை.

அந்த வருடத் திருவிழாவின் முதல் நாள். காலை பத்து மணிக்குக் கெடு தொடங்கியது. மூடிகளை மாட்டிவிட்டு, நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தால் எடுக்க வசதியாக, பின்வாசலில் வேனுக்குள் போய் உட்கார்ந்தார். பதினொரு மணிக்கு மனைவி வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"ஏங்க, அம்மன் பீடத்துக்கு மேல விதானத்தைக் கட்டிடலாமா? ஹோமம் முடியறவரைக்கும் காத்திருந்தா நேரம் பத்தாது."

"கட்டு, கட்டு."

தலைக்கு மேல் இருப்பதைப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட மனிதர், அந்தப் பதிலைச் சொல்லும்போது ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அந்த விதானத்துக்காக மூன்று வாரம் வீட்டில் சாப்பாட்டு மேசை முழுவதும் துணி கிடந்தது. அவர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். ஒன்பது நிறத் துணி, விசிறி விசிறியாக மடிப்பு, ஆயிரத்துக்கும் மேல் குண்டூசி. வீட்டில் வெறுங்காலோடு நடக்கவே பயமாக இருந்தது.

ஒன்றே கால் மணிக்கு மூடிகளைக் கழற்றத் தொடங்கினார். பையில் எண்ணினார்: பதினாறு. கீழே கொட்டி எண்ணினார். அதே பதினாறு. மண்டபத்துக்குப் போய் மேலே பார்த்தார். ஒன்பது நிறத்தில் விதானம் விரிந்து கிடந்தது. பதினேழாவது மூடி அந்தத் துணிக்கு மேலே இருந்தது. அதன் கீழே, கையில் காப்புக் கட்டிய உற்சவ அம்மன் பீடத்தில் எழுந்தருளியிருந்தாள். எதிரே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பத்து நாளும் அது அணையக் கூடாது.

நிர்வாகக் குழுத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு மணிக்குக் கொடியேற்றம், அறுநூறு பேர் வருவார்கள். "அதுக்கென்ன இப்போ? ஒண்ணுதானே. பதினேழுன்னு சொல்லிடு தம்பி. பத்து நாள் கழிச்சுக் கழட்டிக்கலாம்."

"மேல துணி, கீழ நெருப்பு. நடுவுல மூக்கை அடைச்சு ஒரு டிடெக்டர். நான் சொல்ல மாட்டேன் தலைவரே."

"அப்போ ஜனங்களை வெளிய அனுப்பச் சொல்றியா? முதல் நாளும் அதுவுமா?"

"ஏணி வச்சு ஏறினா அஞ்சு நிமிஷ வேலை."

"எங்க ஏறுவ? அம்மன் தலைக்கு மேலயா? நல்லா இருக்கு!"

மனைவி கையில் பூக்கூடையோடு வந்தாள். விஷயம் புரிந்ததும் கூடையைக் கீழே வைத்தாள். "காலையிலேயே சொல்றதுக்கு என்ன? வாயில கொழுக்கட்டையா?"

"நீ கேட்டப்போ தோணலை."

"வீட்டுல பல்பு மாத்தச் சொன்னா ஆறு மாசம் ஆவுது. இங்க மட்டும் இந்த அவசரம்."

கடைசியில் குருக்களிடம் போனார்கள். முப்பது வயதுகூட ஆகாதவர். பழைய குருக்களுக்குப் பதிலாக அந்த ஊருக்கு வந்து இரண்டு வருடம்தான். ஈரத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்.

"அம்மன் பீடத்துல இருக்கிற வரைக்கும் யாரும் மேல ஏறக் கூடாதுண்ணே. அதுல நான் ஒண்ணும் பண்ண முடியாது." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா அம்மன் அங்கேயே இருக்கணும்னு யார் சொன்னது? வெளிய எழுந்தருளப் பண்ணலாமே. கார் நிறுத்துற இடத்தை மூணு சுத்து."

"நிகழ்ச்சி நிரல்ல இல்லையே?" என்றார் தலைவர்.

"அம்மன் நிரலைப் படிச்சிட்டா வந்தாங்க?"

மணி ஒன்று நாற்பது. நாதஸ்வரக்காரர்களைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பினார்கள். ஒருவர் வாயைத் துடைத்துக்கொண்டே சீவாளியைச் சரிசெய்தார். நாலு பேர் அம்மனைத் தோளில் ஏற்றினார்கள். அங்கே இருந்தவர்கள் ஏன், எதற்கு என்று கேட்காமல் பின்னால் நடந்தார்கள். டயர் கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார்.

மண்டபத்தில் இரண்டு பேர்தான் மிச்சம். பீடத்தின் இரு பக்கமும் இரண்டு ஏணி. கணவர் சட்டைப் பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்தார்.

"அதை உள்ள வைங்க," என்றாள் மனைவி. "துணியைக் கம்பி மாதிரி அறுத்து வச்சிடுவீங்க. எங்கன்னு மட்டும் சொல்லுங்க. ஒரே ஒரு இடம்தான் வெட்டுவேன். தப்பா சொன்னீங்க, ரெண்டாவது ஓட்டை கிடையாது."

அவர் மேலே பார்த்தார். மேலே துணிதான் தெரிந்தது. கருவியும் இல்லை, உப்பிய பலகையும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டார். கிழக்குச் சுவரிலிருந்து நாலே கால் அடி. தூணிலிருந்து ஒன்பதரை. டேப்பை இழுத்து அளந்து, இரண்டும் சந்திக்கும் இடத்தில் விரலை வைத்தார். விரல் இருந்தது மஞ்சளும் சிவப்பும் சேரும் மடிப்பில்.

"அங்கயா?" என்றாள். அந்த மடிப்புக்கு மட்டும் இரண்டு நாள் எடுத்திருந்தாள்.

"அங்கதான்."

அவள் குண்டூசிகளை உருவி வாயில் கவ்விக்கொண்டு, கத்தரிக்கோலால் ஒரு வட்டம் போட்டாள். வெட்டிய துண்டு பீடத்தின் மேல் விழுந்தது. வெளியே நாதஸ்வரம் இரண்டாவது சுற்றில் டயர் கடைப் பக்கம் கேட்டது. அவர் ஓட்டைக்குள் கையை விட்டார். முழங்கை வரை போனது. விரலில் வழவழப்பான பிளாஸ்டிக் பட்டது. திருகினார். சிவப்பு மூடி கையோடு வந்தது. அதன் இடத்தில் கருவியின் குட்டி விளக்கு ஒருமுறை மினுக்கியது.

மனைவி குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "ம்," என்றாள். வெட்டிய ஓரத்தை உள்ளே மடித்துக் குத்தத் தொடங்கினாள்.

அம்மன் திரும்பி வரும்போது ஏணிகள் இரண்டும் வேனின் தலையில் இருந்தன. இரண்டு அடிக்க மூன்று நிமிடம் இருக்கும்போது நிறுவனத்துக்குப் போன் செய்தார்.

"எத்தனை?" என்று மறுமுனையில் கேட்டார்கள்.

"பதினேழு," என்றார். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்.

கொடியேற்றம் ஆறு மணிக்கு நடந்தது. பத்து நாளும் விளக்கு எரிந்தது, ஒன்றும் பற்றிக்கொள்ளவில்லை. அனுமதியும் இருந்தது. விதானத்தில் ஏன் ஓட்டை என்று கேட்டவர்களிடம் மனைவி, "அவரைக் கேளுங்க," என்றாள். அவரிடம் அவள் மூன்று நாள் பேசவில்லை. வீட்டில் வெகுநாளாக எரியாமல் இருந்த அடுக்களை பல்பை நாலாம் நாள் காலை அவர் மாற்றினார். அன்று சாயந்திரம் பேசினாள்.

அடுத்த வருடம் திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது சாப்பாட்டு மேசையில் மறுபடி துணி விரிந்தது. அவர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, அளவு சொல்லுங்க. இந்தத் தடவை முதல்லயே ஓட்டை விட்டு, சரிகைக் கரை வச்சுத் தைக்கப் போறேன்."

"சுவத்துலேருந்து நாலே கால். தூண்லேருந்து ஒன்பதரை," என்றார் அவர், சோற்றிலிருந்து தலையைத் தூக்காமல். துணி என்ன நிறம் என்று அவர் கேட்கவில்லை.