கொழிஞ்சாம்பாறைக்குப் போன குச்சி மூட்டை

என் வீட்டுக்காரர் சுருளிவேல் கையில் ஒரு கத்தியைக் கொடுத்தால் போதும், எதிரே நிற்பது என்ன செடியானாலும் அதன் தலை மட்டமாகிவிடும். வண்டிப்பெரியாரில் முப்பத்தைந்து வருஷம் தேயிலைக்குக் கவாத்து வெட்டிய கை அது. நாலைந்து வருஷம் கொழுந்து கொடுத்து ஓய்ந்துபோன செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, மொட்டைக் கட்டையாக நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து தழைக்க வைப்பதுதான் கவாத்து. ஆம்பிளைகள் செய்கிற வேலை. நான் கொழுந்து பறித்தவள். தான் வெட்டிவிட்ட செடியில்தான் நான் பறித்தேன் என்பதை எந்தச் சண்டையிலும் அவர் சொல்லாமல் விட்டதில்லை.

ரிட்டயர் ஆனதும் எஸ்டேட் கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி செய்து கொடுத்துவிட்டு, ஆற்றுக்கு மேலே சரிவில் ஐந்து சென்ட் நிலத்தில் கட்டியிருந்த வீட்டுக்கு வந்தோம். முதல் மூன்று மாதம் அந்த மனுஷன் செய்த ஒரே காரியம், காலை ஏழு மணிக்குக் குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பது. அது எஸ்டேட்டில் வேலைக்குப் பேர் கொடுக்கிற நேரம். “எங்க கிளம்பிட்டீங்க?” என்று கேட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டே இருப்பார். வாயாடி மனுஷன் இப்படி ஆகிவிட்டாரே என்று எனக்கு உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது.

பிறகு அந்த ஐந்து சென்ட்டில் வீடு போக மிச்சமிருந்த மண்ணைக் கொத்த ஆரம்பித்தார். ரோஜா, செம்பருத்தி, டேலியா, பீன்ஸ் என்று கிடைத்ததை எல்லாம் நட்டார். வளர விட்டார் என்று சொல்ல மாட்டேன். ரோஜா மட்டம், செம்பருத்தி மட்டம், வாசலில் இருந்த துளசிகூட மட்டம். என் கறிவேப்பிலையை அவர் வெட்டிய அன்று நான் போட்ட சத்தம் கீழே பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டதாகப் பக்கத்து வீட்டு அன்னமேரி சொன்னாள். ஆனால் பொய் சொல்லக் கூடாது. இரண்டே மாதத்தில் அந்தக் கறிவேப்பிலை குடை மாதிரி தழைத்து நின்றது. இப்போது அன்னமேரி வீட்டுச் சாம்பாருக்கும் அதிலிருந்துதான் போகிறது.

எறணாகுளத்தில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஆர்த்தி விடுமுறைக்கு வந்தபோது தன் பழைய போனை அப்பாவுக்குக் கொடுத்து, அவரை ஒரு வாட்ஸ்அப் குரூப்பிலும் சேர்த்துவிட்டாள். பாலக்காடு, இடுக்கிப் பக்கத்துத் தமிழ்க்காரர்கள் இருநூறு பேர் சேர்ந்து நடத்தும் வீட்டுத் தோட்டக் குரூப். பாலக்காட்டுச் சித்தூரில் இருக்கும் செல்வப்பிரியா என்ற பெண்தான் அதற்கு அட்மின். குட்மார்னிங் போடக் கூடாது, சாமி படம் போடக் கூடாது, செடியைத் தவிர வேறு பேச்சே கூடாது என்று கறாரான பெண். அப்பா அங்கே என்ன பேசுகிறார் என்று ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொல்லி ஆர்த்தி என்னையும் அதில் சேர்த்துவிட்டுப் போனாள்.

இவருக்கு டைப் அடிக்க வராது. எல்லாமே வாய்ஸ் மெசேஜ்தான். முதல் மெசேஜ் நாலு நிமிஷம். அதில் ஒரு நிமிஷம் எங்கள் சேவல், அரை நிமிஷம் நான். இருந்தும் அவர் பேச்சு அங்கே எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. உடும்பஞ்சோலையில் ஒருவருக்குச் செம்பருத்தி பூக்கவில்லை, வட்டவடையில் ஒருவருக்கு ஆரஞ்சு காய்க்கவில்லை, எல்லாரும் இவரைத்தான் கேட்டார்கள். இவர் சொல்கிறபடி வெட்டிவிட்டு, துளிர் வந்ததும் படம் எடுத்துப் போட்டார்கள். ‘கவாத்து அண்ணன்’ என்று பேரே வைத்துவிட்டார்கள். காலை ஏழு மணிக்குக் குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு இப்போது அவர் போனை எடுத்தார். நானும் அந்தப் பக்கம் ஒரு டீயை வைத்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன். வீட்டில் சந்தோஷம் திரும்பி வந்தது.

மார்ச் கடைசியில் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோமதி என்ற பெண் ஒரு படம் போட்டாள். சுவர் ஓரமாக ஆள் உயரத்துக்கு ஒரு பன்னீர் ரோஜா. முப்பது வருஷச் செடியாம். அவள் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த வருஷம் மாமியாரும் அவளும் சேர்ந்து நட்டதாம். இரண்டு வருஷமாகக் குச்சியாக நீள்கிறதே தவிர பூ இல்லை.

இவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்து நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். “யோசிக்கவே வேணாம் தாயி. முழங்கா ஒசரம் விட்டுட்டுப் பூராத்தையும் வெட்டிப்புடுங்க. சாய்ச்சு வெட்டணும். ரெண்டே வாரம், துளிரு வருதா இல்லையா பாருங்க” என்று மெசேஜ் அனுப்பினார். கோமதி அன்றைக்கே வெட்டிவிட்டுக் கும்பிடு போட்டாள்.

மூன்றாம் வாரம் அடுத்த படம் வந்தது. துளிர் இல்லை. கட்டைகள் மேலிருந்து கருத்து, பட்டை வெடித்துக் கிடந்தன. ‘அண்ணா, செடி போச்சுங்களா?’ என்று மட்டும் கீழே எழுதியிருந்தாள்.

அதற்குள் மற்றவர்கள் புகுந்துவிட்டார்கள். அவள் ஊர்க்காரர் ஆனந்தகுமார் என்பவர், ‘மலைமேல குளுகுளுன்னு உக்காந்துக்கிட்டு நம்மூரு வெயிலுக்கு யோசனை சொன்னா இப்படித்தானுங்க ஆகும்’ என்று எழுதினார். அதற்குப் பதினேழு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். வேளாண்மை ஆபீசான கிருஷிபவனில் கேட்காமல் யாரும் எதையும் வெட்ட வேண்டாம் என்று செல்வப்பிரியா அறிவிப்பு போட்டாள்.

இவருக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. “நான் வெட்டி ஒரு செடி செத்துருக்கா? நீ சொல்லு முருகேசு, செத்துருக்கா?” என்று என் பக்கம் திரும்பினார்.

“இல்லைங்க.”

“அப்பறம் என்ன? அந்தம்மா வெட்டத் தெரியாம வெட்டியிருக்கும். இல்ல, தண்ணி ஊத்தியிருக்காது.”

சொல்லிவிட்டுப் போனை அலமாரி மேலே தூக்கி வைத்தார். மறுநாள் காலை ஏழு மணிக்குச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. தோட்டத்துப் பக்கம் போகவில்லை, பீன்ஸ் முற்றித் தொங்கியது. இன்னொரு மூன்று மாதம் இந்தச் சுவரோடு என்னால் மல்லுக்கட்ட முடியாது. கோமதியின் நம்பரைத் தேடி எடுத்து, அவர் எதிரிலேயே போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன்.

“ஏனுங்கக்கா, அண்ணன் கோவிச்சுக்கிட்டாருங்களா? நான் குத்தம் சொல்லி எழுதலீங்க. மனசு கேக்காம எழுதிப்போட்டனுங்க” என்றாள் அவள். குரலில் அழுகை இருந்தது.

“அதெல்லாம் இல்லம்மா. நீ எப்படி வெட்டுன, என்ன பண்ணுன, ஒண்ணொண்ணாச் சொல்லு.”

சாய்த்துத்தான் வெட்டினாள். காலையும் சாயங்காலமும் தண்ணீர் ஊற்றினாள். சாணிகூடப் போட்டாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இவர் முகம் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. திடீரென்று திரும்பி, “வெட்டுன குச்சியெல்லாம் எங்கம்மா?” என்று கேட்டார்.

“அதுங்களா? பேரன் தவழ்ந்துட்டு வருவானுங்க, முள்ளுக் குத்துமுன்னு அன்னைக்கே சுத்தமாக் கூட்டி அள்ளி எரிச்சுப்போட்டனுங்க.”

இவர் அப்படியே என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

எஸ்டேட்டில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும். கவாத்து வெட்டினால், வெட்டின குச்சியையும் இலையையும் அந்த மொட்டைக் கட்டை மேலேயே போட்டு மூட வேண்டும். இலை நிழல் இல்லாத பட்டை வெயிலில் வெந்துவிடும். துளிர் வருகிறவரை யாரும் அதை எடுக்க மாட்டார்கள். விறகுக்கு எடுத்துப் பிடிபட்டால் சூப்பர்வைசர் பேயாட்டம் ஆடுவார். அந்தப் பழக்கம் எங்களுக்கு எவ்வளவு ஊறிப்போனது என்றால், அதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. பக்கத்திலேயே பூண்டு உரித்துக்கொண்டிருந்த எனக்கும் தோன்றவில்லை. எங்கள் மலையில் ஏப்ரல் மழை வந்து பல தப்புகளைக் காப்பாற்றிவிடும். பாலக்காட்டு வெயில் யாருக்கு என்ன விட்டுக்கொடுக்கப் போகிறது?

“நாளைக்குப் போவோம்” என்றார்.

விடியுமுன் எழுந்து பார்த்தால், எங்கள் ரோஜாவையும் செம்பருத்தியையும் வெட்டி, ஒரு சாக்கு நிறையக் குச்சி கட்டி வைத்திருக்கிறார். “ஏங்க, அந்த ஊர்ல குச்சியா கிடைக்காது? மானம் போகுது, வச்சிட்டு வாங்க” என்றேன். கேட்கிற ஜென்மமா? குமுளி செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் சாக்கை அவிழ்த்துக் கையை விட்டு, முள் குத்தி, எங்கள் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். கம்பம், தேனி, திண்டுக்கல், பழனி, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி, கொழிஞ்சாம்பாறையில் இறங்கும்போது சாயங்காலம் நாலு மணி. அந்த நேரத்திலும் ரோட்டிலிருந்து அனல் அடித்தது. இந்த வெயிலை நேரில் பார்த்ததும் இவர் முகம் இன்னும் சுருங்கிப்போனது.

கோமதியின் வீட்டுக்காரர் ரத்தினசாமி வாசலுக்கே வந்து, “வாங்கண்ணா, வாங்கக்கா, முதல்ல கொஞ்சம் மோர் குடியுங்க. ஒரு ரோசாச் செடிக்காக இத்தனை தூரமுங்களா!” என்று சாக்கை வாங்கிக்கொண்டார். பதினோரு மணி நேரப் பிரயாணம் செய்து வந்தவர் மோரைத் தொடவில்லை. நேரே செடிக்குப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கட்டைவிரல் நகத்தால் பட்டையைக் கீறினார். காய்ந்த பழுப்பு. கொஞ்சம் கீழே, அங்கேயும் பழுப்பு. கோமதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். ஏழெட்டுக் கட்டையும் அப்படியே. கடைசியில் சுவர் நிழல் விழுகிற பக்கம், தரையிலிருந்து ஒரு ஜாண் உயரத்தில் கீறியபோது பச்சை தெரிந்தது. அந்தப் பக்கம் இரண்டு கட்டை. அவ்வளவுதான்.

செத்ததையெல்லாம் வெட்டி எடுத்தார். பச்சை இருந்த இரண்டையும் கத்தியால் மறுபடி சாய்த்து வெட்டி, வெட்டுவாயில் சாணி அப்பி, கொண்டு வந்த குச்சியைக் கூடாரம் மாதிரி மேலே அடுக்கினார். பிள்ளை தவழ்ந்து வராமல் ரத்தினசாமி சுற்றிலும் கல் வைத்தார். எல்லாம் முடிந்ததும் என் வீட்டுக்காரர் கையைக் கழுவிக்கொண்டு போனை எடுத்தார். குரூப்பைத் திறந்து பட்டனை அழுத்திப் பிடித்தார். ஏதோ சமாளிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

“நான் கவாத்து சுருளி பேசுறேன். கோமதியம்மா வீட்ல நிக்கிறேன். அந்தம்மா நான் சொன்ன மாதிரியேதான் வெட்டியிருக்கு. வெட்டுனதை மேல போட்டு மூடணும்னு நான் சொல்லல. எங்களுக்கெல்லாம் தெரிஞ்சது எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சுப்புட்டேன். ஆனந்தகுமாரு தம்பி கேட்டது ஞாயந்தேன். இந்த வெயிலு எனக்குத் தெரியாது. தப்பு என்னுது. செடி செத்தா, அது நான் கொன்னது.”

விரலை எடுத்தார், போய்விட்டது. என் பையிலிருந்த போனும் டிங் என்றது. கோமதி அழுதுவிட்டாள். “நீங்க எதுக்குங்கண்ணா இப்படியெல்லாம்...” என்று ரத்தினசாமி தடுமாறினார். இவர் அதற்குப் பிறகுதான் மோரைக் குடித்தார், மூன்று டம்ளர்.

இருநூறு பேரும் அதைக் கேட்டார்கள். முதலில் பதில் போட்டவர் ஆனந்தகுமார்தான். தன் மாடியில் ஒரு மல்லிகை இருக்கிறதாம், மழைக்குப் பிறகு எந்த மாதம் வெட்டலாம் என்று கேட்டிருந்தார். இவர் பஸ்ஸில் வரும்போதே அதற்குப் பதில் சொல்லிவிட்டார். கடைசியில், “வெட்டுனதை மேல போட்டு மூடுங்க தம்பி” என்று இரண்டு தரம் சொன்னார். இப்போது தக்காளியில் பூச்சி என்று யாராவது கேட்டால்கூட அந்த வரியைச் சேர்த்துத்தான் முடிக்கிறார். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், பிரயோஜனமில்லை.

ஜூன் முதல் வாரம் கோமதி படம் போட்டாள். இரண்டு கட்டையில் ஒன்று பட்டுப்போயிருந்தது. மற்றதில் செம்பு நிறத்தில் மூன்று துளிர். இவர் அதை அன்னமேரிக்குக் காட்டினார், பால்காரருக்குக் காட்டினார், எனக்கு மட்டும் ஐந்து தரம் காட்டினார். கோமதி போனிலும் கூப்பிட்டு, “செடிதான் பொழச்சிருச்சேங்கண்ணா. அந்தத் தப்புன்னு சொன்ன மெசேஜை அழிச்சுப்போடுங்க. கேக்கறப்பெல்லாம் எனக்குக் கஷ்டமா இருக்குதுங்க” என்றாள்.

இவருக்கும் அந்த யோசனை பிடித்திருந்தது போல. போனை என்னிடம் நீட்டி, “முருகேசு, இதை எப்படி அழிக்கிறது?” என்றார்.

முப்பத்தாறு வருஷமாக அந்த மனுஷனோடு குடித்தனம் செய்கிறேன். சாம்பாரில் உப்புக் கூடினாலும் என் தப்பு, அவர் பஸ்ஸை விட்டாலும் என் தப்பு. ‘தப்பு என்னுது’ என்று அவர் வாயால் நான் கேட்டது அந்த ஒரு சாயங்காலம்தான். ஊர் பேர் தெரியாத இருநூறு பேர் கேட்க, வெயிலில் நின்றுகொண்டு சொன்னார். அன்றைக்கு எனக்கு அவரை நினைத்துப் பெருமையாக இருந்தது. அந்த மெசேஜுக்கு என் போனில் ஒரு நட்சத்திரம் குத்தி வைத்திருக்கிறேன். அவர் தோட்டத்தில் இருக்கும்போது சில நாள் எடுத்துக் கேட்பேன்.

“இத்தனை நாள் ஆயிட்டா அழிக்க முடியாதுங்க” என்றேன். அது உண்மைதான், ஆர்த்தியும் அப்படித்தான் சொன்னாள். முடிந்திருந்தாலும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டேன்.