திருவையாற்றுப் பக்கத்தில் ஒரு தொட்டிக் கடல்

கைப்பேசியில் ‘கோவிந்தராஜ் அண்ணன்’ என்று பெயர் வந்ததும் எடுத்தேன். ஹலோகூடச் சொல்லவில்லை. “என்னண்ணே, தீனியக் குறைச்சீங்களா இல்லையா? பாசி போச்சா?” என்று எடுத்த எடுப்பிலேயே சண்டையை ஆரம்பித்துவிட்டேன்.  பதிலுக்கு அவர் மனைவி வசந்தா அண்ணியின் குரல் வந்தது. “மல்லிகா, அவரு போயிட்டாரும்மா. வயலுக்குத் தண்ணி பாக்கப் போனவரு வரப்புலயே சாஞ்சுட்டாரு.” தங்கமீன் பையைப் பிடித்துக்கொண்டு ஒரு வாடிக்கையாளர் எதிரே நின்றிருந்தார். அவர் எப்போது கிளம்பிப் போனார் என்று எனக்குத் தெரியாது.

கடல்மீன் தொட்டி வைத்திருக்கும் நம் வாட்ஸ்அப் குழுவில் உங்கள் எல்லாருக்கும் அவர் வெறும் குரல்தான். எழுத்தைத் தட்டப் பொறுமை கிடையாது. “வணக்கம், கோவிந்தராஜ் பேசுறேன், திருவையாறு பக்கம்” என்று ஒவ்வொரு முறையும் புதிதாகத் தன்னை அறிமுகம் செய்துகொண்டுதான் சந்தேகத்தைக் கேட்பார். பின்னால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்கும். அந்தக் குரலுக்குப் பின்னாலிருந்த ஆளைப் பார்த்துப் பழகியவள் நான் ஒருத்திதான் என்பதால் இதை எழுதுகிறேன்.

தஞ்சாவூரில் சின்னதாக ஒரு வண்ணமீன் கடை வைத்திருக்கிறேன். என் கணவர் தொடங்கியது. அவருக்குப் பிறகு நானே பார்க்கிறேன். ஒரு நாள் வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் வந்து, வீட்டில் கடல் தொட்டி வைக்க வேண்டும், என்னென்ன வேண்டும் என்று கேட்டார். எனக்கு அன்றைக்கு நல்ல தலைவலி. “கடல் வேணும்னா நாகப்பட்டினத்துக்கு பஸ் ஏறுங்க” என்றேன். வேறு யாராக இருந்தாலும் முறைத்துக்கொண்டு போயிருப்பார்கள். இவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மஸ்கட்டில் பல வருடம் லாரி ஓட்டியவர். ஒரு வெள்ளிக்கிழமை கடற்கரையில் யாரோ கண்ணாடி முகமூடி கொடுக்க, தண்ணீருக்குள் முகத்தை வைத்துப் பார்த்திருக்கிறார். “எடுக்கவே மனசு வரலம்மா. கீழ ஒரு ஊரே இருக்கு. ஒரு சத்தம் இல்ல. நான் அங்க இருந்த காலத்துல வீட்டு நெனப்பு வராத ஒரே நாள் அதுதான்” என்றார். ஊருக்குத் திரும்பி நெல் போட்டு நன்றாகத்தான் இருந்தார். ஆனாலும் அந்த அமைதியான ஊர் அவரை விடவில்லை. என் தலைவலி எங்கே போனதென்று தெரியவில்லை. கடல் தொட்டி பற்றி எனக்கும் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு பேருமாகத்தான் தேடித் தேடிக் கற்றுக்கொண்டோம்.

நெல் விளைகிற ஊரில் ஒரு மனிதர் வீட்டுக்குள் உட்கார்ந்து தண்ணீரில் உப்புக் கலந்தால் ஊர் சும்மா விடுமா? “காவிரி பத்தலையாக்கும்” என்று கிண்டல் செய்தார்கள். வசந்தா அண்ணி தொட்டிக்கு ‘சக்களத்தி’ என்றே பெயர் வைத்துவிட்டார். அண்ணன் சிரித்துக்கொள்வார். ஆனால் ஒரு விஷயத்தில் அவர் விளையாடவே மாட்டார். தொட்டியில் மாற்றி எடுத்த பழைய உப்புத் தண்ணீரில் ஒரு சொட்டுகூட வாய்க்காலிலோ கொல்லையிலோ விழக் கூடாது. கேன்களில் பிடித்து வண்டியில் கட்டிக்கொண்டு தஞ்சாவூர் வரை வந்து, என் கடை முன்னால் இருக்கும் நகரத்துச் சாக்கடையில் ஊற்றுவார். “மண்ணு நம்ம ஆசைக்கு என்னம்மா பாவம் பண்ணுச்சு?” என்பார். ஊற்றி முடித்ததும் டீ. பேச்சு முழுக்கத் தொட்டிதான். கணவர் இல்லாதவளைப் பார்க்கும்போது வருகிற அந்தப் பரிதாபக் குரல் அவரிடம் ஒரு நாளும் வந்ததில்லை. அதற்காகவே அவர் வருகிற நாளை எதிர்பார்த்திருப்பேன்.

இனி பாசிக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது. புதுத் தொட்டியில் பழுப்புத் தூள் படிந்தபோது பயந்தார். தானாகப் போய்விடும் என்றேன், போனது. பாறையில் முடி போலப் பச்சை முளைத்தபோது நாற்று பறிப்பது போலக் குனிந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். மூன்றாவதாக வந்ததுதான் வினை. மணல் மேல் சிவப்பாக, வழுவழுவென்று, சின்னச் சின்னக் குமிழிகளோடு ஒரு படலம். இழுத்தால் ஏடு போலக் கழன்று வந்தது. உங்களில் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு இது பாசியே இல்லை, நீலப்பச்சைப் பாசி என்கிறோமே, அந்த நுண்ணுயிர் இனம் என்றார். என் வாய் சும்மா இருந்திருக்கலாம். “அண்ணே, உங்க வயல்ல தூவுற நீலப்பச்சைப் பாசிக்கு இது சொந்தக்காரன்” என்று சொல்லித் தொலைத்தேன்.

அவ்வளவுதான். எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். “நெல்லுக்குச் சத்துக் குடுக்குற பாசிம்மா அது. இது அதோட சொந்தக்காரன்னு சொல்ற. வீடு தேடி வந்தவன வழிச்சுப் போடச் சொல்றியா?” ஐயோ, என் தலையில் அடித்துக்கொண்டேன். வயல் வேறு, தொட்டி வேறு என்று கத்தினேன். படலம் மெல்ல நகர்ந்து, குழுவில் ஒரு தம்பி வெட்டி அனுப்பிய, விரல் விரலாக விரிந்து அசையும் மென்பவளத்தின் அடியைப் பிடித்தது. கைப்பிடி அளவே இருக்கும் அந்தப் பவளம் சுருங்கியதைப் பார்த்த பிறகுதான் மனிதர் இறங்கி வந்தார். குழாய் போட்டு உறிஞ்சி எடுத்தோம். தண்ணீர் ஓட்டம் இல்லாத மூலையைப் பார்த்து மோட்டாரைத் திருப்பி வைத்தோம். விளக்கை அணைத்தோம். போனது; மறுபடி வந்தது.

ஏன் வருகிறது என்று அவர் வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்த நாளில்தான் புரிந்தது. தான் சாப்பிடும்போதெல்லாம் மீனுக்கும் போடுகிறார்! காப்பி குடித்தால்கூட ஒரு சிட்டிகை. மிஞ்சியதெல்லாம் அடியில் அழுகிப் பாசிக்குத்தான் விருந்து. “நாம திங்கிறத அதுங்க பாத்துக்கிட்டே இருக்குமேம்மா” என்றார். அந்த முகத்தைப் பார்த்து எப்படித் திட்டுவது? திட்டினேன், அது வேறு. கடைசியாகப் பேசியதும் அந்தத் தீனிச் சண்டைதான்.

கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பும் நேரத்தில், தொட்டியை எடுத்துவிடலாம் என்று அண்ணி சொன்னார். “அந்த நீல வெளிச்சத்தப் பாத்தா அவரு முன்னாடி உக்காந்திருக்க மாதிரியே இருக்கு மல்லிகா. என்னால முடியல.” எட்டிப் பார்த்தேன். கவனிக்க ஆளில்லாமல் சிவப்புப் படலம் பவளத்தை முழுசாக மூடியிருந்தது. உயிர் இருக்கிறதா என்றே தெரியவில்லை. கையை விட்டுத் தடவித் தடவிப் படலத்தை உரித்தேன். சாவு வீட்டில் அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. அதற்குள் உறவுக்காரர் ஒருவர் வாளியில் தண்ணீரை மொண்டு கொல்லைப் பக்கம் நடந்தார். “வாழைக்கு ஊத்தாதீங்க!” என்று அண்ணி போட்ட சத்தத்தில் வீடே திரும்பிப் பார்த்தது. “அவரு ஒரு சொட்டு ஊத்த விடமாட்டாரு. எல்லாத்தயும் கேன்ல புடிங்க.” சக்களத்தி என்று சொன்னவர், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒவ்வொரு கேனையும் அவரே மூடினார்.

மீன்களும் பவளமும் இப்போது என் கடைத் தொட்டியில் இருக்கின்றன. மீன்கள் வந்த அன்றே தின்றன. பவளம் விரியவில்லை. தினமும் ஷட்டரைத் தூக்கியதும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். ஓரங்கள் கறுத்தன. தூக்கிப் போட்டுவிடுங்கள் என்று நம் குழுவிலேயே சொன்னீர்கள். தப்பில்லை, நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். மனசு வரவில்லை. மீன்கள் எந்தத் தொட்டியிலும் நீந்தும்; பவளம் போய்விட்டால் அந்தத் தொட்டிக் கடலைப் பற்றிப் பேச எனக்கு வேறொன்றும் மிஞ்சாது.

இன்று காலை அது விரிந்திருந்தது. முழுசாக இல்லை, ஒரு பக்கம் மட்டும். நீரோட்டத்தில் விரல்கள் அசைந்தன. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. மீன் தீனி வாங்க வந்த ஒரு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “என்ன செடிங்க இது?” என்று கேட்டார். இது செடியில்லை, மீன் மாதிரி ஓர் உயிர் என்று சொல்லத் தொடங்கினேன். அவருக்கு பஸ் வந்துவிட்டது.

அண்ணனிடமிருந்து என்னிடம் இருப்பது இந்தக் கைப்பிடி உயிர். அண்ணே, பாதி விரிஞ்சிருக்கு. வந்து பாருங்கன்னு கூப்பிட ஆளில்ல.