தேன்மொழி உப்பு

மெழுகுவர்த்திச் சுடரில் பிளாஸ்டிக் கருகும் வாசனை எங்கிருந்து வந்தாலும், மரக்காணத்து வீட்டு நடையில் உப்பு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த அந்தக் கோடை விடுமுறைதான் எனக்கு நினைவுக்கு வரும். கவரின் வாயை பிளேடோடு சேர்த்து மடித்துச் சுடரில் ஒரு இழுப்பு இழுத்தால் ஒட்டிக்கொள்ளும். அதை நாங்கள் “சீல் போடுறது” என்போம். உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரிக்கொண்டிருந்த அப்பா, கல்லுப்பைப் பாக்கெட் போட்டு விற்கத் தொடங்கியிருந்தார். பாக்கெட்டின் மேல் பெரிய எழுத்தில் என் பெயர்: “தேன்மொழி உப்பு”. உப்புக்குப் போய்த் தேன் என்று பேர் வைப்பானா ஒருத்தன் என்று தெருவே கிண்டல் செய்தது. எனக்கோ பெருமையில் தலைகால் புரியவில்லை.

பாக்கெட்டுகளைக் கடை கடையாகக் கொண்டுபோய்ப் போட்டு வந்தவர் அம்மாவின் தம்பி, என் மாமா. அவர் மடியில் உட்காரவைத்துத்தான் எனக்குக் காது குத்தினார்கள். நான் அழாமலிருக்க வாயில் சர்க்கரையை அள்ளிப் போட்டவரும் அவரே. “லைசென்சு, பதிவு எல்லாம் நான் பாத்துக்கறேன் மாமா, நீங்க சரக்கப் பாருங்க” என்று அவர் சொன்னபோது அப்பாவுக்குப் பாதிச் சுமை இறங்கியது போலிருந்தது.

மாமா காய்ச்சலென்று வராத ஒரு நாள், அப்பா என்னையும் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு கீழ்புத்துப்பட்டுக்குப் போனார். கடைக்காரர் எங்கள் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏம்பா, இது டூப்ளிகேட்டாமே? ஒரிஜினல நேத்தே உன் மச்சான் போட்டுட்டுப் போயிட்டாரு. பேரு அவரோடதாம்.”

பின்சீட்டில் நான் உட்கார்ந்திருந்தேன். அப்பா வண்டியைத் திருப்பினார்.

வீட்டுக்கு வரவழைத்துக் கேட்டபோது மாமா கூசவேயில்லை. “என் பேர்ல பதிஞ்சது என்னுதுதானே மாமா? பாப்பா எனக்கும் பாப்பாதானே?” என்றார். அம்மா யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் அடுப்படிக்குப் போய் அழுதாள். அவர் போன பிறகு அப்பா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “புள்ளைக்குக் குத்துறப்ப மடி குடுத்தான்னு நம்பினேன். நமக்கும் சேத்துக் குத்திட்டான்.” மறுநாளே அப்பா பழைய கூலி வேலைக்குத் திரும்பினார். விஷயம் பரவி, பள்ளிக்கூடத்தில் என் பெயர் “டூப்ளிகேட்டு” ஆயிற்று. மாமாவை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை; மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

இப்போது புதுச்சேரியில் எம்.பி.ஏ. படிக்கிறேன். எங்கள் வீட்டில் மெழுகுவர்த்தியும் இல்லை, மூட்டையும் இல்லை. போன வாரம் வகுப்பில், சொந்தத் தொழில் தொடங்கும் ஆசை எங்கிருந்து வருகிறது என்று பேச்சு. அப்பாவின் கடை என்றான் ஒருவன், யூடியூப் என்றாள் ஒருத்தி, எவனிடமும் கைகட்டி நிற்க முடியாது என்றான் இன்னொருவன். பேராசிரியை பையிலிருந்து ஓர் உப்புப் பாக்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். வழவழப்பான கவர், பளபளக்கும் எழுத்து.

“நம்ம பக்கத்து ஊர்க்காரர்தான். அக்கா பொண்ணு பேரையே வச்சிருக்காராம், எவ்ளோ பாசம் பாருங்க!” என்றவர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். “அட, உன் பேருதாம்மா! உனக்கும் தொழில் பண்ற எண்ணம் இருக்குதா?”

“இருக்குது மேடம்” என்றேன். “வைக்கிறதுக்குத்தான் பேரில்ல.”

வகுப்பே சிரித்தது.