மூணாவது கம்பத்து வைஃபை பெட்டி

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் நான் நெட்வொர்க் பார்த்துக்கொண்டிருந்த நாட்களை நினைத்தால் இன்றும் மனசு லேசாகிவிடும். உப்புக்காற்று, லாரிப் புகை, ஓயாத ஹாரன் எல்லாமே பிடித்திருந்தது. வைஃபை என்பதே புதுசான காலம் அது. கம்பத்துக்கு ஒரு வைஃபை பெட்டி மாட்டியிருந்தோம். எது மக்கர் செய்தாலும் யார்டு முழுக்க ஒரே வைத்தியம், ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவது. கரன்ட் போனால் பெட்டி தன் லாகை, அதாவது அதுவரை நடந்ததைக் குறித்துவைத்ததை, சுத்தமாக மறந்துவிடும். கோளாறு எதுவென்று நான் எங்கே போய்த் தேடுவது? எரிச்சல் எரிச்சலாக வரும்.

காசிமேட்டிலிருந்து வரும் அக்கா ஒருவர் கையில் வைஃபையில் ஓடும் ஸ்கேனருடன் கன்டெய்னர் நம்பர்களைப் பதிவு செய்வார். காலை டிபன் வேளை தாண்டியதும் தினமும் கொஞ்ச நேரம் அவருடைய ஸ்கேனர் வேலை செய்யாது. நிழலில் உட்கார்ந்து கதையடிக்கிறார் என்று மேனேஜர் முடிவே கட்டிவிட்டார். இந்த மாதத்தோடு வேலை கிடையாது என்றும் சொல்லிவிட்டார்.

“நான் இன்னா பண்றது தம்பி? மிஷினு அதுவா செத்துப் பூடுது. என் பேச்சை எவன் நம்புறான்?” என்று அக்கா என்னிடம் வந்தார்.

நான் நம்பினேன். மேனேஜரிடம் அது செல்லுபடியாகாது. ஸ்டோரில் கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டி லாக் சர்வராக்கினேன். எல்லாப் பெட்டிகளும் தங்கள் லாகை உடனுக்குடன் அதற்கு அனுப்பும்படி செட் செய்தேன்.

சில நாள் கழித்துத் திறந்து பார்த்தேன். அக்காவின் வரிசைக்கு சிக்னல் தரும் மூணாவது கம்பத்துப் பெட்டி மட்டும் தினமும் பத்தரை வாக்கில் புதிதாக ஆன் ஆகியிருந்தது. கரன்ட் போயிருந்தால் மற்ற பெட்டிகளும் அணைந்திருக்கும். யாரோ பிளக்கைப் பிடுங்குகிறார்கள். மறுநாள் அந்த நேரத்துக்கு மேனேஜரையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

கம்பத்தடி செக்யூரிட்டி ரூமில் எங்கள் பெட்டியின் பிளக் தரையில் கிடந்தது. அது இருக்கவேண்டிய சாக்கெட்டில் எலக்ட்ரிக் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. செக்யூரிட்டி அண்ணன் மேனேஜரைப் பார்த்துப் பதறி எழுந்தார்.

“உங்களுக்குத்தான் சார் டீ. ஆறிப்போனா குடிக்க மாட்டீங்களே, அதான் டெய்லி இங்க சூடு பண்ணி அனுப்புறேன்.”

மேனேஜர் ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்பார் என்று நான் காத்திருந்ததுதான் மிச்சம். அக்கா கெட்டில் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியின் பிளக்கை மாட்டினார். டீயை கிளாசில் ஊற்றி மேனேஜர் கையில் கொடுத்தார்.

“நீ குந்தி குட்ச்சிட்டு வா சார். எனுக்கு வேலை கீது.”